அமிர்தசரஸில் நாலு நாள்

வசந்த காலம் வந்தால் நம் ஜனங்களுக்கு இரண்டு விதமான உபத்திரவங்கள் உண்டாகின்றன. ஒன்று வேனற்கட்டி. மற்றொன்று பிரயாணப் பைத்தியம். முன்னதற்குச் சந்தனம் அரைத்துப் பூசலாம். பின்னதற்கு டிக்கட் வாங்குவதைத் தவிர வேறு சிகிச்சை கிடையாது. பெரும்பாலோர் உதகமண்டலத்துக்கோ கோடைக்கானலுக்கோ போய் அந்தப் பைத்தியத்தைத் தெளிவித்துக் கொள்கிறார்கள். அங்கே போனால், நம் தெருவில் தினந்தோறும் பார்க்கிற மனிதர்களையே, கம்பளிச் சட்டை அணிந்த கோலத்தில் மறுபடியும் தரிசிக்கலாம்.

எங்கள் கோஷ்டி நாலு பேர் கொண்டது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர், ஒரு டாக்டரம்மாள், அந்த அம்மாளின் கணவராகிய பாங்கி சிநேகிதர், இந்தப் பத்தியை எழுதுகிறவன். வருஷந்தோறும் வசந்த காலத்தில் பத்து நாள் எங்கேயாவது போய் வருவது எங்கள் வழக்கம். 2024-ம் வருஷம் மலைக்குப் போகலாம் என்று பாங்கி சிநேகிதர் சொன்னார். வாத்தியார் தலையை ஆட்டினார்.

"சித்திரை பிறக்கிறதற்கு முதல் நாள் அமிர்தசரஸில் இருக்க வேண்டும். இருபது வருஷமாக நினைத்துக் கொண்டிருக்கிறேன். இனிமேல் தள்ளிப் போட எனக்கு வயதில்லை" என்றார்.

வயதைக் காட்டிப் பேசுகிறவரிடம் யார் வாதம் செய்ய முடியும்? டிக்கட் வாங்கியாயிற்று. ஏப்ரல் 19-ந் தேதி தமிழ் நாட்டில் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு வோட்டுப் போடும் நாள். அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று டாக்டரம்மாள் ஒரு நிபந்தனை போட்டார். வாத்தியார் அதை உடனே ஒப்புக்கொண்டார். "அந்த ஊரைப் பார்த்துவிட்டு வந்தபிறகு வோட்டுப் போடாமல் இருந்தால் அது பெரிய அபசாரம்" என்றார். அவர் சொன்னதன் காரணம் எனக்கு அப்போது முழுவதும் விளங்கவில்லை.

ஏப்ரல் 8-ந் தேதி இரவு சென்னை சென்டிரலில் ஏறினோம். இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்து டில்லி. அங்கிருந்து அமிர்தசரஸ் ஏறக்குறைய 450 கிலோமீட்டர். பானிபட், குருக்ஷேத்திரம், அம்பாலா, லூதியானா, ஜலந்தர் என்று சரித்திரப் புஸ்தகத்தின் அட்டவணையைப் போல் ஸ்டேஷன்கள் வந்துகொண்டிருந்தன. பாதையின் இரு பக்கமும் கோதுமை முற்றி, அறுவடைக்குத் தயாராக நின்றது. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எனக்கு நெல் வயலின் பச்சை நிறம் தெரியும். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே பொன்னிறமாக நிற்கும் கோதுமை வயல் புதிது. இந்த விளைச்சலைக் கொண்டாடுகிற பண்டிகைதான் வைசாகி. சூரியன் மேஷ ராசியில் பிரவேசிப்பதை வைத்து நாம் சித்திரை வருஷப் பிறப்பைக் கொண்டாடுகிறோம் அல்லவா? அவர்களுக்கும் அதே சூரியன், அதே மேஷ ராசி. கணக்குப் போடும் முறையில் உள்ள வித்தியாசத்தினால் சில வருஷம் ஒரு நாள் முன் பின்னாக வரும். 2024-ல் அவர்களுக்கு 13-ந் தேதியும் நமக்கு 14-ந் தேதியுமாக வந்தது. 1699-ம் வருஷத்து வைசாகியன்றுதான் குரு கோவிந்த சிங் கால்ஸா என்னும் சீக்கிய சமூகத்தை ஸ்தாபித்தார். ஆகையால் சீக்கியர்களுக்கு அது அறுவடைப் பண்டிகை மட்டுமல்ல.

10-ந் தேதி சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ரம்ஜான் பண்டிகை. ஹால் பஜாரில் உள்ள பெரிய மசூதியில் தொழுகை முடிந்து புதுச் சட்டையுடன் பிள்ளைகள் வெளியே வந்து கொண்டிருந்தார்கள். கூட்டம் அதிகமில்லை. வாத்தியார் அதைப் பார்த்துக் கொண்டே சற்று நேரம் நின்றார். 1947-ம் வருஷத்துக்கு முன்னால் இந்த நகரத்தின் ஜனங்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முஸ்லிம்கள். இப்போது மிகச் சொற்பம். லாகூரிலிருந்து ஹிந்துக்களும் சீக்கியர்களும் இங்கே ஓடி வந்தார்கள். இங்கிருந்து முஸ்லிம்கள் அங்கே ஓடினார்கள். ஓட முடியாதவர்களின் கதையை அங்கும் கேட்கலாம், இங்கும் கேட்கலாம்.

முதலில் பொற்கோயிலைப் பற்றிச் சொல்லி விடுகிறேன். கோயிலுக்குப் போகும் வீதியில் 2016-ல் இரு பக்கத்துக் கட்டிடங்களுக்கும் ஒரே மாதிரியான முகப்பு வைத்து அலங்காரம் செய்திருக்கிறார்கள். கலியாணத்துக்கு வந்த மாப்பிள்ளைத் தோழர்களைப் போல் எல்லாக் கட்டிடங்களும் ஒரே உடையில் நிற்கின்றன. அதைக் கடந்து, செருப்பை ஒப்படைத்து, கால் கழுவி, தலையில் துணி கட்டிக்கொண்டு வாசலில் நுழைந்தால், அங்கே ஓர் ஆச்சரியம். நம் ஊர்க் கோயில்கள் மேடான இடத்தில் இருக்கும். படி ஏறிப் போவோம். இங்கே படி இறங்க வேண்டும். ஸந்நிதிக்கு வருகிறவன் தாழ்ந்து வரவேண்டும் என்று இதற்குத் தாத்பரியம் சொல்லுகிறார்கள். நடுவில் குளம், குளத்தின் நடுவில் கோயில், கோயிலுக்கு நாலு திசையிலும் நாலு வாசல். எந்தத் திசையிலிருந்தும் எந்த ஜாதியாரும் வரலாம் என்பது அதன் பொருள். குளத்தை வெட்டத் தொடங்கியவர் நாலாவது குருவான ராம்தாஸ். ஐந்தாவது குரு அர்ஜுன் கோயிலைக் கட்டி, 1604-ல் கிரந்தத்தை அதில் எழுந்தருளச் செய்தார். அஸ்திவாரக் கல்லை வைத்தவர் லாகூரைச் சேர்ந்த மியான் மீர் என்ற முஸ்லிம் ஞானி என்பது வழி வழியாகச் சொல்லிவரும் செய்தி. பொன் தகடு பின்னால் மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில் வேய்ந்தது.

எதிரே அகால் தக்த். 1984-ம் வருஷம் ஜூன் மாதம் ராணுவம் இந்த வளாகத்துக்குள் புகுந்தபோது அது பெரும்பாலும் இடிந்து போயிற்று. இப்போது நாம் பார்ப்பது பிற்பாடு எழுப்பியது. அங்கே நின்று அதைப் பற்றிப் பேச எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர், நாங்கள் எந்த ஊர் என்று ஹிந்தியில் விசாரித்தார். மதராஸ் என்று சொன்னதும், "அவ்வளவு தூரத்திலிருந்தா! சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். நாலு நாளில் அந்தக் கேள்வியைக் குறைந்தது இருபது பேரிடம் கேட்டிருப்போம்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் நான் விஸ்தாரமாக எழுத விரும்புகிறேன். அதற்கு 'லங்கர்' என்று பெயர். இரவும் பகலும் அடுப்பு அணைவதில்லை. தினந்தோறும் பல பதினாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். வைசாகி போன்ற நாட்களில் இன்னும் பன்மடங்கு. காசு கிடையாது, கேள்வி கிடையாது. உள்ளே நுழையும்போதே ஒருவர் தட்டைக் கொடுக்கிறார், இன்னொருவர் கிண்ணத்தைக் கொடுக்கிறார், மூன்றாமவர் கரண்டியைக் கொடுக்கிறார். நீளப் பாயில் வரிசையாக உட்கார வேண்டியது. பருப்பு வருகிறது, கறி வருகிறது, பாயஸம் வருகிறது. ரொட்டியை மட்டும் தட்டில் போடமாட்டார்கள். இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக் கொள்ள வேண்டும். பாங்கி சிநேகிதர் மரியாதையாக ஒரு கையை நீட்டினார். பரிமாறுகிறவர் புன்னகையுடன் காத்துக் கொண்டே நின்றார். மற்றொரு கையும் வந்த பிறகுதான் ரொட்டி விழுந்தது.

எங்கள் வரிசையில் என் வலது பக்கம் கோட்டும் கைக்கடிகாரமுமாக ஒரு வியாபாரி. இடது பக்கம் ஸைக்கிள் ரிக்ஷா ஓட்டுகிறவர். அவருக்கு அப்பால் டாக்டரம்மாள். அந்த வரிசைக்கு அவர்கள் பாஷையில் 'பங்கத்' என்று பெயர். வாத்தியார் இந்த வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'பங்க்தி' என்ற ஸம்ஸ்கிருத வார்த்தையிலிருந்து அவர்களுக்குப் 'பங்கத்' வந்தது. நமக்குப் 'பந்தி' வந்தது. வார்த்தை ஒன்றுதான். ஆனால் நாம் அந்த வார்த்தையோடு 'வஞ்சனை' என்ற இன்னொரு வார்த்தையையும் சேர்த்து 'பந்தி வஞ்சனை' என்று ஒரு சொற்றொடரையே உண்டாக்கி வைத்திருக்கிறோம். அவர்களுக்கோ அந்த வரிசையில் உட்காருவதே மதம். அக்பர் சக்கரவர்த்தி மூன்றாவது குருவைப் பார்க்க வந்தபோது, அவரும் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே தரிசனம் கிடைத்தது என்று கதை சொல்லுகிறார்கள்.

"1924-ம் வருஷம் ஞாபகம் இருக்கிறதா?" என்று வாத்தியார் கேட்டார். எங்களில் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஆனால் சரித்திர வாத்தியார்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. திருவாங்கூர் ராஜ்யத்தில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து அந்த வருஷம் ஸத்தியாக்கிரகம் நடந்தது. தமிழ் நாட்டிலிருந்து ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி நாயக்கர் போய்ச் சிறை புகுந்தார். அப்போது பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் சிலர் அவ்வளவு தூரம் வந்து, தொண்டர்களுக்காக வைக்கத்தில் ஓர் இலவச அன்னசாலை திறந்தார்கள். மகாத்மா காந்தி வெளியார் உதவி வேண்டாம் என்று கருதியதால் அது நீடிக்கவில்லை. அதே காலத்தில் நம் திருநெல்வேலி ஜில்லாவில் சேரன்மாதேவி குருகுலத்தில், தேச பக்தர் வ. வே. ஸு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியே சாப்பாடு போட்டதைப் பற்றி நாடெங்கும் பெரிய கிளர்ச்சி எழுந்தது. பஞ்சாபிலிருந்து அடுப்பைத் தூக்கிக் கொண்டு வந்தவர்கள் ஒரு பக்கம். ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே பந்தியில் போட முடியாமல் திண்டாடியவர்கள் மற்றொரு பக்கம். இதை வாத்தியார் சொன்னபோது பாயஸம் இரண்டாம் முறை வந்தது. நான் இரண்டு கையையும் ஏந்தினேன். பாயஸத்துக்குக் கிண்ணம் போதும் என்று பரிமாறுகிறவர் சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு டாக்டரம்மாளைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால், பாத்திரம் தேய்க்கும் தொட்டிகளின் அருகில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கொண்டு நிற்கிறார். ஆயிரக்கணக்கான எஃகுத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சப்தம் இடி இடிப்பது போல் இருந்தது. இருபக்கமும் பஞ்சாபி ஸ்திரீகள். நடுவில் நம் டாக்டரம்மாள். பாஷை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. "வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்பாளே!" என்று கணவர் என் காதில் சொன்னார். அவர் மட்டும் வீட்டில் எத்தனை டம்ளர் கழுவியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. சிறிது நேரத்துக்கெல்லாம் அவரும் பூண்டு உரிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து விட்டார்.

நிற்க. இனி அமிர்தசரஸின் மற்றொரு இடத்துக்கு வருகிறேன். பொற்கோயிலிலிருந்து நடந்தால் சில நிமிஷம்தான்.

1919-ம் வருஷம் மார்ச் மாதம் ரௌலட் சட்டம் நிறைவேறியது. விசாரணையில்லாமலே யாரையும் சிறையில் அடைக்கலாம் என்பது அதன் சாரம். ஏப்ரல் 6-ந் தேதி தேசமெங்கும் கடையடைப்பு. 9-ந் தேதி ராமநவமி. அன்று அமிர்தசரஸில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடித்தார்கள். சர்க்காருக்கு இதைவிடப் பயங்கரமான காட்சி வேறு என்ன இருக்க முடியும்? மறுநாளே டாக்டர் கிச்லூவையும் டாக்டர் ஸத்தியபாலையும் பிடித்துத் தர்மசாலாவுக்கு அனுப்பி விட்டார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் ஹிந்து. ஜனங்கள் முறையிடப் போனார்கள், வழியில் சுட்டார்கள், கூட்டத்துக்கு வெறி பிடித்தது, ஐந்து ஐரோப்பியர் கொல்லப்பட்டனர், கட்டிடங்கள் எரிந்தன. இதையும் சொல்லாமல் விடக்கூடாது என்று வாத்தியார் கண்டிப்பாக இருந்தார்.

13-ந் தேதி, வைசாகி, ஞாயிற்றுக்கிழமை. ஜாலியன்வாலா பாக் என்னும் மதில் சூழ்ந்த மைதானத்தில் பல்லாயிரம் பேர் கூடியிருந்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் சிலர். பண்டிகைக்கு வெளியூரிலிருந்து வந்து களைப்பாற உட்கார்ந்தவர்கள் பலர். ஜெனரல் டயர் 90 சிப்பாய்களுடன் வந்தான். 50 பேரிடம் துப்பாக்கி. மற்றவர்களிடம் குக்ரிக் கத்தி. எல்லாரும் இந்தியப் பட்டாளத்தைச் சேர்ந்தவர்களே. எச்சரிக்கை ஒன்றும் செய்யாமல் சுடச் சொன்னான். பத்து நிமிஷம், 1650 குண்டுகள். கூட்டம் எங்கே நெருக்கமாக இருந்ததோ அங்கே பார்த்துச் சுட்டார்கள். சர்க்கார் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் விசாரணை ஆயிரம் பேர் வரையில் என்று மதிப்பிட்டது. இரவு எட்டு மணிக்கு மேல் யாரும் வெளியில் வரக்கூடாது என்று உத்தரவு. காயம்பட்டவர்கள் தண்ணீரில்லாமல் கிடந்தார்கள். ரத்தன் தேவி என்ற ஸ்திரீ, இறந்த கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நாய்களை ஓட்டக் கையில் ஒரு மூங்கில் கழியுடன் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வாக்குமூலம் காங்கிரஸ் விசாரணையில் பதிவாகியிருக்கிறது.

அந்த மைதானத்துக்குள் போவதற்கு உள்ள சந்து மிகக் குறுகலானது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகலாம், அவ்வளவுதான். டயர் இரண்டு கவச மோட்டார்களையும் கொண்டு வந்திருந்தான். சந்து குறுகலாக இருந்ததால் அவை உள்ளே நுழைய முடியவில்லை. நுழைந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியை உபயோகித்திருப்பேன் என்று பின்னால் ஹண்டர் கமிட்டியின் முன் அவனே ஒப்புக் கொண்டான். ஆகவே, ஜனங்கள் தப்பி ஓட முடியாமல் செய்ததும் அந்தச் சந்துதான். இன்னும் பெரிய படுகொலை நேராமல் தடுத்ததும் அந்தச் சந்துதான். வேறு எந்த ஸ்தூபியும் சொல்லாத விஷயத்தை அந்த இரண்டு செங்கற் சுவர்களும் சொல்லும்.

அந்தச் சுவர்களை இப்போது எப்படி வைத்திருக்கிறார்கள்? 2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் இந்த இடத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். சந்தின் இரு சுவர்களிலும் உலோகச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அன்று வைசாகிக்கு வந்த ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் சந்தோஷமாக நடந்து போகும் பாவனை. ஜனங்கள் கிணற்றில் விழுந்து இறந்தார்கள் அல்லவா? அந்தக் கிணற்றைக் கண்ணாடியால் மூடியிருக்கிறார்கள். இரவில் ஒலியும் ஒளியுமாகக் காட்சி. சரித்திர ஆசிரியர்கள் பலர் அப்போதே இதைக் கண்டித்து எழுதினார்கள்.

எங்கள் கோஷ்டியிலும் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. வாத்தியாருக்கு வந்த கோபத்தை நான் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. "இது சாட்சி, ஐயா, சாட்சி! சாட்சிக்கு யாராவது நகை பூட்டுவார்களா?" என்றார். பாங்கி சிநேகிதர் விட்டுக் கொடுக்கவில்லை. "நீங்கள் படித்தவர்; வெறும் சுவரைப் பார்த்தால் உங்களுக்கு எல்லாம் தெரியும். அதோ பாருங்கள், ஸார்" என்று காட்டினார். ஆறு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, சிற்பத்தில் தன் உயரமே உள்ள ஒரு குழந்தையின் முகத்தைத் தொட்டுப் பார்த்து, இவர்கள் எல்லாரும் எங்கே போகிறார்கள் என்று தகப்பனாரைக் கேட்டுக் கொண்டிருந்தாள். தகப்பனார் சொல்லத் தொடங்கினார். பிறகு நிறுத்திக் கொண்டார். இதே சிற்பங்களில் சாய்ந்துகொண்டு, பல்லைக் காட்டி, தம்மைத் தாமே படம் பிடித்துக் கொண்டிருந்த வாலிபர்களையும் நான் பார்த்தேன். இரண்டும் ஐந்து நிமிஷத்துக்குள் நடந்தவை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வாத்தியார் பக்கம்தான். சிறுமிக்குக் கதை சொல்ல உள்ளே இடம் ஏராளமாக இருக்கிறது. அங்கே மண்டபம் கட்டலாம், சிற்பம் வைக்கலாம், படம் காட்டலாம். 1961-ல் ராஷ்டிரபதி ராஜேந்திர பிரஸாத் திறந்து வைத்த சிவப்புக் கல் ஸ்தூபியும் அங்கேதான் கம்பீரமாக நிற்கிறது. அதில் யாருக்கும் ஆக்ஷேபமில்லை. சந்தை மட்டும் சந்தாகவே விட்டிருக்கலாம். குண்டு பாய்ந்த மதிலில் துளைகளைச் சுற்றி வெள்ளைக் கட்டம் மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த மதிலின் முன்னால் பல்லைக் காட்டுகிறவர்கள் அதிகம் இல்லை.

நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றியும் அங்கே பேசிக்கொண்டோம். ஸர் சி. சங்கரன் நாயர் மலையாளத்துக்காரர். அந்நாளில் மலையாள ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. சென்னை ஹைக்கோர்ட்டு ஜட்ஜாக இருந்தவர். 1897-ல் காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்தவர். 1919-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்த ஒரே இந்தியர் அவர்தான். பஞ்சாப் அட்டூழியங்களைப் பற்றித் தெரிந்ததும் அந்தப் பதவியை ராஜிநாமா செய்தார். பிறகு ஒரு புஸ்தகத்தில் பஞ்சாப் கவர்னராக இருந்த மைக்கேல் ஓட்வியரைக் குற்றம் சாட்டி எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் புஸ்தகமே காந்தி மகாத்மாவின் இயக்கத்தைக் கண்டித்து எழுதியது! ஓட்வியர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். 1924-ல் லண்டனில் ஐந்து வாரம் விசாரணை. 12 ஜூரர்களில் 11 பேர் நாயருக்கு விரோதம். மன்னிப்புக் கேட்டிருந்தால் பணம் கட்ட வேண்டியிருந்திராது. கிழவர் மறுத்துவிட்டு 500 பவுனும் கோர்ட்டுச் செலவும் கட்டினார். டயருக்கோ, அவனை உத்தியோகத்திலிருந்து நீக்கியபோது, இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை நிதி திரட்டி 26 ஆயிரம் பவுனுக்கு மேல் கொடுத்தது. இந்த இரண்டு தொகைகளையும் கேட்டுவிட்டு எங்கள் பாங்கி சிநேகிதர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

12-ந் தேதி சாயங்காலம் எல்லையில் அட்டாரிக்குப் போனோம். அங்கிருந்து லாகூர் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். 1959 முதல் தினந்தோறும் சூரியாஸ்தமன சமயத்தில் இரு தேசத்துக் கொடிகளையும் இறக்குகிற சடங்கு நடக்கிறது. இரு பக்கத்துச் சிப்பாய்களும் காலைத் தலைக்கு மேல் தூக்கி உதைத்தார்கள். இரு பக்கத்து ஜனங்களும் தொண்டை வறளக் கத்தினார்கள். கிரிக்கெட் பந்தயம் பார்த்தது போல் இருந்தது. நாங்கள் போனபோது வாயிலைத் திறந்து இரு தரப்பாரும் ஒரு தடவை கை குலுக்கினார்கள். 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் பஹல்காமில் நடந்த கொலைகளுக்குப் பிறகு வாயிலைத் திறப்பதும் கை குலுக்குவதும் நிறுத்தப்பட்டன.

அதைவிட எனக்கு மனத்தில் நின்றது, பழைய டவுன் ஹாலில் உள்ள தேசப் பிரிவினைக் காட்சிசாலை. 1947-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி ராட்கிளிப் கிழித்த கோட்டை வெளியிட்டார்கள். 70 வருஷம் கழித்து அதே தேதியில் இதைத் திறந்தார்கள். கோடு போடுவதற்கு அவருக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து வாரம். அங்கே கண்ணாடிப் பெட்டியில் பூவேலை செய்த ஒரு சட்டையும் ஒரு தோல் பெட்டியும் இருக்கின்றன. சட்டை ஒரு பெண்ணுடையது. பெட்டி ஒரு வாலிபனுடையது. இருவருக்கும் கலியாணம் நிச்சயம் செய்திருந்தது. கலவரத்தில் ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிந்து, ஒருவருக்கொருவர் உயிரோடிருப்பதே தெரியாமல் அமிர்தசரஸ் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே சந்தித்தார்கள், 1948-ல் மணம் புரிந்து கொண்டார்கள். ஒவ்வொருவரும் வீட்டை விட்டு ஓடும்போது எடுத்துக்கொண்டு வந்த பொருள்கள் இவை. டாக்டரம்மாள் அந்தப் பெட்டியின் முன்னால் நின்று, "நம் வீட்டிலிருந்து ஒரே ஒரு பொருள் எடுக்கலாம் என்றால் நீங்கள் எதை எடுப்பீர்கள்?" என்று கணவரைக் கேட்டார். "உன்னைத்தான்" என்று அவர் சொல்லியிருக்கலாம். மனுஷர் யோசித்து, "வீட்டுப் பத்திரம்" என்றார். ஓடி வந்தவர்களில் எத்தனையோ பேர் அதைத்தான் எடுத்து வந்தார்கள் என்றும், எந்தப் பயனும் இல்லாமல் போயிற்று என்றும் வாத்தியார் சொன்னார்.

சாப்பாட்டு விஷயம் கேட்கிறவர்களுக்கு: தந்தூரி அடுப்பில் சுட்ட குல்சாவும் கொண்டைக்கடலைக் கறியும் காலையில் சாப்பிட்டால் இரவு வரையில் பசி எட்டிப் பார்க்காது. 'கேஸர் தா தாபா' என்ற சைவ சாப்பாட்டுக் கடைக்கு ஒரு சந்துக்குள் சந்தாகப் புகுந்து போக வேண்டும். 1916-ல் ஷேக்குபுராவில் ஆரம்பித்த கடை. 1947-ல் ஷேக்குபுரா பாகிஸ்தானுக்குப் போயிற்று. கடை இந்தப் பக்கம் வந்தது. பருப்பை மணிக்கணக்காகச் சிறு தீயில் வேக வைக்கிறார்கள். லஸ்ஸி என்னும் மோர்ப் பானம் ஒரு டம்ளர் வாங்கினால் இருவர் பகிர்ந்து கொள்வது உத்தமம்.

14-ந் தேதி நமக்குக் குரோதி வருஷம் பிறந்தது. வேப்பம்பூப் பச்சடிக்கு எங்கே போவது? லங்கரில் கிடைத்த பாயஸத்தோடு வருஷப் பிறப்பை முடித்துக் கொண்டோம். அன்று பிற்பகல் வாத்தியார் எங்களைக் கூச்சா கௌரியாவாலா என்ற சந்துக்கு அழைத்துப் போனார். 1919-ல் ஷெர்வுட் என்ற ஆங்கிலேயப் பாதிரி ஸ்திரீயைக் கலகக்காரர் அடித்துப் போட்ட இடம் அது. அவளைக் காப்பாற்றிச் சிகிச்சை செய்ததும் அங்குள்ள இந்தியர்கள்தான். ஆயினும் டயர், அந்தச் சந்தின் வழியாகப் போகிற இந்தியர் யாவரும் வயிற்றால் ஊர்ந்து போகவேண்டும் என்று உத்தரவு போட்டான். சுமார் 150 கஜ தூரம். அங்கேயே வீடு உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? கண் தெரியாதவர்கள், வியாதிக்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள்? டாக்டரம்மாள், "வைத்தியர் வரவேண்டுமென்றால்?" என்று கேட்டார். வைத்தியரும் ஊர்ந்துதான் வரவேண்டும் என்றார் வாத்தியார். அந்தச் சந்தில் இன்று சிற்பமும் இல்லை, விளக்கும் இல்லை. துணி உலர்ந்து கொண்டிருந்தது. ஒரு பையன் ஸ்கூட்டரைக் கழுவிக் கொண்டிருந்தான். அவனுக்கு வழிவிட்டு நாங்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்து போனோம்.

போக உத்தேசித்திருப்பவர்களுக்கு இரண்டொரு குறிப்புகள். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் போனால் வெயில் இராது. ஏப்ரல் நடுவிலேயே பகலில் கல் தரை காலைச் சுட ஆரம்பித்து விடும். வைசாகியன்று இருக்க விரும்புகிறவர்கள் கூட்டத்துக்குத் துணிந்து போக வேண்டும். ரயில் டிக்கட் 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்னால்தான் கொடுக்கிறார்கள். அன்று காலையிலேயே வாங்கி விடுவது நல்லது. தலையில் கட்டத் துணி வாசலில் கொடுப்பார்கள்; ஆனாலும் ஒரு கைக்குட்டை எடுத்துப் போங்கள். ஜாலியன்வாலா பாக்கிற்கு அதிகாலையில் போவது சிலாக்கியம். கடைசி நாள் காலையில் பாங்கி சிநேகிதர் எங்களிடம் சொல்லாமல் தனியாகப் போய்விட்டு வந்தார். அந்த நேரத்தில் சந்தில் யாருமே இல்லையாம். கை இரண்டையும் நீட்டிப் பார்த்தாராம்.